கார் பொம்மையை ஒளித்து வைக்கலாமா?

கேள்வி: தர்மபுரி வாசகர், 2025 ஏப்ரல் 19

என் மகனுக்கு மூன்று வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. விழித்ததிலிருந்து தூங்கும்வரை கையில் கார் பொம்மைதான். தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு ஒரே காரை முன்னும் பின்னும் உருட்டுகிறான். பென்சில் கொடுத்தால் வீசிவிடுகிறான். ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். பள்ளியில் விசாரித்தால் "வீட்டில் எழுத வையுங்கள், பொம்மையை ஒளித்து வையுங்கள்" என்கிறார்கள். ஒளித்து வைத்தேன். இரண்டு நாளாக சோப்பு டப்பாவை உருட்டிக்கொண்டிருக்கிறான். அதையும் ஒளிக்க வேண்டுமா?

ஏப்ரல் 19, இரவு 10.40

சோப்பு டப்பாவை ஒளித்தால் செருப்பை உருட்டுவான். செருப்பை ஒளித்தால் உங்கள் செல்போனை உருட்டுவான். காரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், செலவு குறைவு.

நான் ஆசிரியர் இல்லை, மருத்துவரும் இல்லை. கிருஷ்ணகிரியில் சேலம் சாலையில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் இரண்டரை வயதில் ஒரு பையன், இரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண். பையன் அச்சு அசலாக உங்கள் மகன்தான். கன்னத்தைத் தரையில் வைத்துப் படுக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் கடையில் நாள்தோறும் செய்கிறேன். நின்றுகொண்டு பார்த்தால் கார் தெரியும். சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்பது தெரியாது. அந்த உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோயாக வேண்டும். வேலைக்குச் சேரும் பையன்களுக்கு இதைப் புரிய வைக்க எனக்கு ஒரு வாரம் பிடிக்கிறது. உங்கள் மகனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஏப்ரல் 20, காலை

நேற்று பென்சில் விஷயத்தைச் சொல்ல விட்டுவிட்டேன். சின்னக் காரை உருட்டும்போது அவன் கையைப் பாருங்கள். கட்டைவிரல் ஒரு பக்கம், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மறு பக்கம். பென்சிலைப் பிடிப்பதும் அந்த மூன்று விரல்தான். கடையில் வீல் நட்டை முதல் இரண்டு சுற்று விரலால்தான் ஏற்ற வேண்டும், எடுத்தவுடன் ஸ்பேனர் போட்டால் மரை போய்விடும். மூன்று வயதில் எழுத உட்கார வைப்பதும் எடுத்தவுடன் ஸ்பேனர் போடுவதுதான் என்பது என் கட்சி.

ஏப்ரல் 23

நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். விளையாட்டிலேயே பாடம் நடத்தலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பையன் உருட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து "சிவப்புக் கார் எது? நீலம் எது? மொத்தம் எத்தனை?" என்று நச்சரித்தேன். முதல் நாள் பதில் சொன்னான். இரண்டாம் நாள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மூன்றாம் நாள் வண்டிகளை மடியில் அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டான்.

அதே வாரம் பதினொரு வண்டியையும் இரண்டு குவியலாகப் பிரித்து வைத்திருந்தான். நிறம் பார்த்தேன், பொருந்தவில்லை. கார் ஒரு பக்கம் லாரி ஒரு பக்கமா என்றால், ஒரு லாரி கார்களோடு கிடந்தது. இரும்பு, பிளாஸ்டிக்? அதுவும் இல்லை. கைக்கு வந்தபடி போட்டிருக்கிறான் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை அவன் ஒவ்வொன்றாக பீரோவுக்கு அடியில் தள்ளிப் பார்ப்பதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அடியில் நுழைபவை ஒரு குவியல், தலை இடிப்பவை மறு குவியல். கார்களோடு கிடந்த லாரி, தட்டையான டிரெய்லர். வைக்கோல் லோடு ஏற்றியவர் பாலத்துக்கு முன்னால் இறங்கி அண்ணாந்து பார்ப்பார் அல்லவா, அந்தக் கணக்கை இவன் பன்னிரண்டு முறை போட்டிருக்கிறான். நான் சிவப்பு எது, நீலம் எது என்று குறுக்கே நின்றிருக்கிறேன்.

ஏப்ரல் 24

"பதினொரு வண்டி என்கிறீர்கள், பன்னிரண்டு முறை என்கிறீர்கள்" என்று ஒருவர் பிடித்துவிட்டார். வண்டி பன்னிரண்டுதான். ஒன்று பீரோவுக்கு அடியில் மாட்டிக்கொண்டது, துடைப்பக் கட்டையால் தள்ளி எடுத்தோம். நுழைந்தது, ஆனால் வெளியே வரவில்லை. அது எந்தக் குவியலில் சேரும் என்று அவனும் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஏப்ரல் 28

இன்று நடந்தது. உள்ளங்கை அளவு கார், கதவு திறக்கும். அதைத் தரையில் வைத்து, கதவைத் திறந்து, கால் பெருவிரலை உள்ளே நுழைத்து ஏறப் பார்த்தான். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே. நுழையவில்லை என்றதும் காரைப் பிடித்துத் திட்டி அழுதான். என் மாமியார் "பிள்ளைக்கு இன்னும் விவரம் போதவில்லை" என்றார். எனக்கும் அடிவயிற்றில் கொஞ்சம் கலக்கம்தான்.

தங்கை உளவியல் படித்தவள். போனில் சொன்னேன், சிரிப்பாள் என்று நினைத்தேன். "அதற்குப் பெயரே இருக்கிறது அண்ணா, அளவுப் பிழை" என்றாள். அமெரிக்க உளவியலாளர் ஜூடி டிலோஷ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியிருக்கிறார்கள். ஒன்றரை வயது முதல் இரண்டரை வயது வரையுள்ள குழந்தைகளை, உட்கார்ந்து ஓட்டும் அளவுள்ள காரிலும் சறுக்கு மரத்திலும் நாற்காலியிலும் முதலில் விளையாட விட்டார்கள். பிறகு குழந்தை வெளியே போன நேரத்தில் அவற்றை எடுத்துவிட்டு, அதே சாயலில் குட்டிப் பொம்மைகளை வைத்தார்கள். குழந்தைகளில் பலர் குட்டி நாற்காலியில் உட்காரப் போனார்கள், குட்டிக் காரின் கதவுக்குள் காலை விட்டார்கள். இது கார், இதில் ஏற வேண்டும் என்கிற அறிவு முந்திக்கொள்கிறது. இது எவ்வளவு சின்னது என்கிற தகவல் காலைத் தடுக்கும் நேரத்துக்கு வந்து சேருவதில்லை. அவர்கள் தரும் விளக்கம் இதுதான்.

மாமியாரிடம் சொன்னேன். "அமெரிக்காவிலும் பிள்ளைகளுக்கு விவரம் போதவில்லை என்று சொல்" என்றார்.

மே 2

"பொருள் கண்ணில் படாமல் போனாலும் அது இருக்கிறது என்று குழந்தைக்கு எப்போது தெரியும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் பியாஜே, சுமார் எட்டு மாதம் ஆன பிறகே குழந்தை மறைந்த பொருளைத் தேடத் தொடங்குகிறது என்றார். அதற்கு எதிர்க்கட்சியாக 1986இல் ரெனே பையார்ஜோன் என்கிற உளவியலாளர் செய்த சோதனையும் கார் பொம்மை வைத்துத்தான். சரிவுப் பாதையில் ஒரு கார், நடுவில் ஒரு திரை. திரையைத் தூக்கிப் பின்னால் ஒரு பெட்டி இருப்பதைக் காட்டுகிறார்கள். ஒரு முறை பெட்டி பாதைக்குப் பின்னே, மறு முறை பாதையின் மேலேயே. திரையை இறக்கி காரை விட்டால் இரண்டு முறையும் கார் மறுபக்கம் வந்துவிடுகிறது. பெட்டி பாதையின் மேல் இருந்தபோது ஆறு மாத, எட்டு மாதக் குழந்தைகள் அதிக நேரம் உற்றுப் பார்த்தார்கள். பெட்டியை இடிக்காமல் கார் எப்படி வந்தது என்கிற வியப்பு என்று அவர் சொல்கிறார். வெறுமனே உற்றுப் பார்த்ததற்கு இத்தனை பொருள் சொல்லலாமா என்று அவரோடு சண்டை போட்டவர்களும் உண்டு.

எங்கள் வீட்டில் திரைக்குப் பதில் கோரைப்பாய். சுருட்டி வைத்த பாய்க்குள் காரை விட்டுவிட்டு மறுமுனைக்கு ஓடிக் குனிந்து காத்திருப்பான். நேற்று அவன் பார்க்காதபோது பாய்க்குள் ஒரு துண்டைத் திணித்து வைத்தேன். கார் வரவில்லை. குனிந்தபடி கொஞ்ச நேரம் பார்த்தான். ஆரம்ப முனைக்கு வந்து பார்த்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தான். அழுவான் என்று நான் துண்டை எடுக்கக் கை நீட்டுவதற்குள், வேறொரு பெரிய காரைக் கொண்டுவந்து பின்னாலிருந்து குத்தினான். துண்டு, கார் எல்லாம் சேர்ந்து மறுபக்கம் வந்து விழுந்தன. துண்டை எடுத்து என் மேல் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

மே 4

பலகையைச் சாய்த்து வைத்து காரை விடுவது இப்போது எங்கள் வீட்டு மாலை நேரத் தொழில். கடையிலிருந்து நான்கு அடி பிளைவுட் கொண்டுவந்தேன், ஒரு முனைக்கு அடியில் மூன்று செங்கல். இதில் ஒரு விஷயம் நிச்சயமாகிவிட்டது: கனமான இரும்புக் கார்தான் வேகமாக இறங்குகிறது, பிளாஸ்டிக் கார் ஒவ்வொரு முறையும் தோற்கிறது. கனம் கூடினால் வேகம் கூடும். தொப்பூர் கணவாயில் லோடு லாரி சேலம் பக்கம் எப்படி இறங்குகிறது என்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மே 5

சொல்லத் தேவையே இல்லைதான், சொன்னது தவறு.

"கனத்துக்கும் இறங்கும் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று கலிலியோ காலத்திலேயே தீர்த்துவிட்டார்களே" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். ரோஷத்தில் மாலை பலகையை எடுத்தேன். மகள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள். இரண்டு காரையும் ஒரு ஸ்கேலால் தடுத்து வைத்து, ஸ்கேலைத் தூக்கினால் இரண்டும் சேர்ந்து கிளம்பும். அது அவள் யோசனை. பத்து முறை விட்டோம், பத்து முறையும் இரும்புக் கார்.

"பார்த்தாயா" என்று நான் எழுந்திருக்கும்போது மகள் பிளாஸ்டிக் காரைத் திருப்பிப் போட்டாள். பின் அச்சில் தலைமுடி. சுற்றிச் சுற்றி நூல்கண்டு மாதிரி இறுகியிருந்தது. ஊக்கால் நெம்பி இழுத்தால் வந்துகொண்டே இருக்கிறது, ஒரு முழத்துக்குக் குறையாது. அவளுடைய முடிதான். எடுத்த பிறகு மறுபடி பத்து முறை விட்டோம்: இரும்பு ஆறு, பிளாஸ்டிக் நான்கு. தோற்றபோதும் ஒரு விரற்கடைதான் வித்தியாசம்.

பதினேழு வருடமாகச் சக்கரத்தோடு வாழ்கிறேன். லாரியில் ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் முதலில் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கிற நான், பொம்மைக் காரைத் திருப்பிப் பார்க்கவில்லை. தொப்பூர் பற்றிச் சொன்னதும் பிழை. பாரம் கூடினால் வேகம் தானாகக் கூடுவதில்லை, பிரேக்குக்கு வேலை கூடுகிறது. இறக்கம் முழுவதும் அந்தப் பாரத்தின் சக்தி டிரம்மில் சூடாக ஏறுகிறது, சூடு ஏற ஏறப் பிடிமானம் போகிறது. குறைந்த கியரில் இறங்குங்கள் என்று சொல்வது அதனால்தான்.

பையன் இந்த வாதம் எதிலும் கலந்துகொள்ளவில்லை. முடி இழுக்கப்படுவதை மட்டும் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மே 6

எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. இத்தனை யோசனை உள்ள பெண்ணுக்கு நான் ஒரு கார் பொம்மைகூட வாங்கித் தந்ததில்லை. மூன்று வயதில் அவளுக்குச் சொப்புச் சாமான், நான்கில் சொப்புச் சாமான், ஐந்தில் கொஞ்சம் பெரிய சொப்புச் சாமான். இது எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. ஆண்பால் பிள்ளைத்தமிழில் கடைசிப் பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலில் அந்த இடத்தில் அம்மானை, நீராடல், ஊசல் என்று வரும்; தேர் கிடையாது. சக்கரத்தைப் பையன் கையில்தான் கொடுத்திருக்கிறோம்.

இன்று சொப்பையும் லாரியையும் அவளே கலந்துவிட்டாள். லாரியில் சொப்பு அடுப்பு ஏறி பீரோவிலிருந்து ஜன்னல்வரை போய் இறங்கி, அங்கே சமையல், மிச்சத்தை மறுபடி லோடு ஏற்றல். தம்பி டிரைவர், அவள் முதலாளி, வாடகை பேரம்கூட நடந்தது. தனியாக உருட்டினால் இருபது நிமிடம் தாங்கும் பையன், இதில் சாப்பிடக் கூப்பிடும்வரை இருந்தான்.

மே 9

"குழந்தையைச் சும்மா விடுங்கள் என்கிறீர்கள், பேசவே கூடாதா?" என்று கேட்டவருக்கு. ஏப்ரல் 23இல் நான் எழுதியது அப்படித்தான் படுகிறது. திருத்துகிறேன்.

என் அம்மா கேள்வியே கேட்பதில்லை. கீரை ஆய்ந்துகொண்டே கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டிருப்பார். "மேடு ஏறுகிறது, திணறுகிறது, ஏறிவிட்டது, சாய்கிறது, கவிழ்ந்தது." பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பாட்டி வந்தால் வண்டி பண்டி ஆகிவிடும், அதுவும் அவனுக்குப் பழக்கம். சாய்வது வேறு, கவிழ்வது வேறு என்று அவனுக்கு இப்போது தெரியும். சாய்ந்த காரைத் தட்டிவிட்டால் நிமிரும், கவிழ்ந்ததைத் தூக்கித்தான் வைக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். கார் தானாக உருண்டால் "உருளுது" என்கிறான், தான் தள்ளினால் "உருட்டறேன்" என்கிறான். இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று நாம் மனப்பாடம் செய்ததை இவன் பலகையில் கற்றுக்கொண்டுவிட்டான். தவறாகப் பயன்படுத்தவும் தெரிகிறது. நேற்று பால் தம்ளரைக் கை வைத்துத் தள்ளிவிட்டு, "கவிழ்ந்தது" என்றான்.

மே 12

"எங்கள் காலத்தில் பொம்மையை நாங்களே செய்தோம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கிக் கெடுக்கிறோம்" என்று இங்கே நால்வர் எழுதிவிட்டார்கள். நானும் செய்தேன். தேய்ந்த ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரம், விளக்குமாற்றுக் குச்சி அச்சு, மேலே தீப்பெட்டி. நுங்கு காலத்தில் காவேரிப்பட்டணத்தில் பாட்டி வீட்டில் நுங்கு வண்டி. நுங்கு தின்ற இரண்டு கோந்தையைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு தெருவெல்லாம் ஓடுவோம். வளைவில் திருப்ப வேண்டுமானால் கம்பை எந்தப் பக்கம் அழுத்த வேண்டும் என்று அதில்தான் படித்தேன், இன்று அதை வைத்துத்தான் சோறு.

ஆனால் கணக்கைச் சரியாகப் பாருங்கள். அதையெல்லாம் செய்தபோது எனக்கு எட்டு வயது. இரண்டரை வயதில் செருப்பை யாரும் என் கையில் வெட்டக் கொடுக்கவில்லை. இரண்டரை வயதில் என்ன உருட்டினேன் என்று அம்மாவிடம் கேட்டேன். "எண்ணெய் டின் மூடி" என்றார்.

தீப்பெட்டி என்றதும் நினைவுக்கு வந்தது. லண்டனில் ஒரு பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மை மட்டும்தான் கொண்டுவரலாம் என்று விதி. ஜாக் ஓடெல் என்கிற பொறியாளர் தன் மகளுக்காக அந்த அளவில் ஒரு ரோடு ரோலர் செய்து தந்தார். அதிலிருந்துதான் 1953இல் 'மேட்ச்பாக்ஸ்' கார்கள் வந்தன. மே 6இல் நான் புலம்பியதைப் படித்தவர்கள் கவனிக்க: மகளுக்கு.

மே 20

மாம்பழ சீசன் தொடங்கிவிட்டது. பையன் வண்டிகளை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரோரம் நிறுத்தி வைக்கிறான், ஒன்றை நகர்த்தினால் கத்துகிறான். உறவினர் ஒருவர் பார்த்துவிட்டு, "இப்படி வரிசை வைப்பது ஆட்டிசம், செல்போனில் போட்டிருக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி அன்று சாப்பிடவில்லை.

குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் கார் வரிசையைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டார், மற்றதெல்லாம் வேறு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, கண்ணைப் பார்க்கிறானா, பிடித்ததை விரல் நீட்டிக் காட்டுகிறானா, பேச்சு வளர்ந்துகொண்டே வருகிறதா. இவற்றில் குறை இருந்தால் தாமதிக்காமல் காட்ட வேண்டும், வரிசை வைப்பது மட்டும் என்றால் அந்த வயதில் நிறையப் பிள்ளைகள் செய்வதுதான் என்றார். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் என் எழுத்தை நம்பாமல் நேரில் போய்க் காட்டுங்கள்.

வரிசைக்குக் காரணம் இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. கடைக்கு வரும் வழியில் மாம்பழக் கூழ் ஆலை வாசலில் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் அரை மைல் நிற்கின்றன. இவனுடைய முதல் வண்டியில் இரண்டு மாம்பிஞ்சு இருந்தது. நானும் பார்க்கவில்லை, உறவினரும் பார்க்கவில்லை.

மே 27

எரிச்சலோடு எழுதுகிறேன். திருவிழாக் கடையில் வாங்கிய காரின் சக்கரம் கழன்று வந்துவிட்டது. வாயில் போட்டிருந்தான், மகள் பார்த்து விரலை விட்டு எடுத்தாள். கடையில் வெர்னியரை வைத்து அளந்தேன், 14 மில்லிமீட்டர். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் பொம்மைக்கு ஒரு சோதனை உண்டு: 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைக்குள் அழுத்தாமல் அடங்கிவிடும் எந்தத் துண்டும் கழன்று வரக் கூடாது. நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நான் வாங்கியதில் முத்திரை இல்லை. பார்க்காமல் வாங்கியது நான்.

பாட்டு பாடி விளக்கு எரிகிற பேட்டரி கார் வைத்திருப்பவர்கள் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பட்டன் பேட்டரி என்றால் மூடி திருகாணியால் பூட்டியிருக்க வேண்டும். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், தொண்டையில் இருக்கிறதா வயிற்றில் இருக்கிறதா என்று வீட்டில் யோசித்துக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அந்தக் கார்களை எனக்கு வேறு காரணத்துக்காகவும் பிடிக்காது. கார் தானே ஓடுகிறது, தானே திரும்புகிறது. பையன் வேடிக்கை பார்க்கிறான்.

ஜூன் 9

கேள்வி கேட்ட தர்மபுரிக்காரர் மறுபடி எழுதியிருக்கிறார். எல்.கே.ஜி.யில் சேர்த்தாயிற்றாம், காரைத் திருப்பிக் கொடுத்தாயிற்றாம். பையன் சிலேட்டில் நீளமாக ஒரு கோடு இழுத்து, "ரோடு" என்று சொல்லிவிட்டு அதன் மேல் காரை ஓட்டுகிறானாம். பல்பத்தை இன்னும் வீசவில்லையாம்.

படித்ததும் ஆசை வந்து, ஏப்ரல் 23இல் எழுதியதை நானே மீறினேன். முற்றத்தில் சாக்பீஸால் பெரிதாக 'ட' போட்டு, இதுதான் ரோடு, ஓட்டு என்றேன். மேலிருந்து இறங்கினான், வலது பக்கம் திரும்பினான், கோடு முடிந்தது. என்னைப் பார்த்தான். "ரோடு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பக்கத்தில் மகள் போட்ட பூஜ்ஜியத்தில் அரை மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தான்.

ஜூன் 15

ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கூட்டிவந்தேன். நாமக்கல் லாரி ஒன்று முன்சக்கரம் ஒரு பக்கம் இழுக்கிறது என்று வந்தது. ஜாக்கி ஏற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து அச்சைப் பார்த்தான். எழுந்து, கன்னமெல்லாம் கிரீஸுடன் டிரைவரிடம் போய், "முடி இருக்கா?" என்று கேட்டான்.

டிரைவர் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வழுக்கை. நான் விஷயத்தைச் சொன்னதும் அவரும் குனிந்து அச்சைப் பார்த்துவிட்டு, இல்லை தம்பி என்றார். அவன் நம்பவில்லை. ஜாக்கியை இறக்கும்வரை அங்கேயே நின்றான்.